கோல் கம்பம் வளர்ந்த நாள்

டேப் இரண்டு மீட்டர் நாற்பத்தொன்பது என்று காட்டியது.

புல்லுக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கி, டேப்பின் வளையத்தின் மேல் வைத்திருந்த செங்கல்லை இன்னும் அழுத்தி வைத்துவிட்டு, மறுபடி ஏறிப் பார்த்தார். நாற்பத்தொன்பதேதான்.

தரையிலிருந்து கோலின் குறுக்குக் கம்பம் வரை இரண்டு மீட்டர் நாற்பத்துநான்கு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உலகம் முழுக்க அதுதான் அளவு. மைதானத்தின் மறுகோடிக்கு ஓடி, அங்கேயும் அளந்தார். அங்கேயும் ஐந்து சென்டிமீட்டர் அதிகம். காலையில் மனைவியின் தையல் மிஷின் மேலிருந்து, மைதானத்தை அளக்கும் தன் நீளமான துணி டேப்பை அள்ளிக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் ஓடிவந்தது இதைப் பார்க்கத்தானா?

மைதானத்தைப் பராமரிக்கும் அவரை எல்லோரும் புல்லுக்காரர் என்றே அழைத்தார்கள். பதினாறு வருட வேலையில் அவர் பெயரில் ஒரு புகார் கிடையாது.

மாலை நான்கு மணிக்குத் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். பிரிவில் நான்கு அணிகள். முதலிடம் பிடிப்பது மட்டும்தான் கோப்பைப் போட்டிக்குப் போகும். நம் நாட்டு அணிக்குப் பதினொரு புள்ளி, இன்று வந்திருப்பவர்களுக்குப் பத்து. கோலே விழாமல் சமனில் முடிந்தாலும் நாம் உள்ளே.

ஆனால் அந்தப் பதினொன்றில் ஆறு புள்ளி, இதே கம்பங்களுக்கு நடுவே ஜெயித்தது. அதில் ஒரு ஆட்டத்தில் வெற்றி கோல் குறுக்குக் கம்பத்தை உரசிக்கொண்டுதான் உள்ளே போனது. புல்லுக்காரர் கடைசியாகக் கம்பத்தை அளந்தது அதற்கெல்லாம் முன்னால். விஷயம் வெளியே தெரிந்தால் ஆறு புள்ளியும் போகும், அணி போகும், அதற்கு முன்னால் அவர் போவார்.

ஒரு மணிக்கு மேட்ச் கமிஷனர் அளக்க வருகிறார். பார்ப்பதற்கு முன் சரிசெய்துவிட வேண்டும்.

மழையில் மண் இறங்கியிருக்கும் என்று முடிவு கட்டினார். நான்கு தள்ளுவண்டி மண்ணைக் கோல் வாயில் கொட்டி, ரோலரை உருட்டி, மண் படியட்டும் என்று தண்ணீர் விட்டார். படபடப்பில் குழாயை மூட மறந்து மறுகோடிக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது ஸ்டேடியம் மேலாளர் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், இன்னைக்கு ஆட்டமா, நாத்து நடவா?"

"கோல்கீப்பர் விழுந்தா மெத்துன்னு இருக்கட்டும்னுதான் சார்..."

"அவன் விழுந்தா எந்திரிக்கவே மாட்டான்யா! வழிச்சுப் போடு!"

வழித்தார். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே வழித்துவிட்டார். இப்போது டேப் இரண்டு ஐம்பத்தொன்று காட்டியது.

வேறு வழியில்லை. வெல்டருக்குப் போன் போட்டார். கம்பங்கள் கான்கிரீட் குழிக்குள் இறங்கி நிற்பவை. அடியில் வெட்டினால் வெளியே தெரியாது.

வெல்டர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஏண்ணே, கம்பம் எங்கயாவது வளருமா?"

"கம்பம் வளரலடா, மண்ணு இறங்கியிருக்கு."

"ரெண்டு பக்கமும் சொல்லி வச்ச மாதிரி ஒரே அளவாவா?"

"நீ வெல்டரா, வக்கீலா? வெட்டு."

வெட்டினான். இடது காலில் ஏழு சென்டிமீட்டர். வலது காலில் சாக்பீஸ் கோடு ஈரத்தில் அழிந்திருந்ததால் எட்டு. நிறுத்திப் பார்த்தால் குறுக்குக் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இடதுல ஒண்ணு எடுத்துடலாம்ணே."

எடுத்ததில் ஒன்றரை போனது. இப்போது மறுபக்கம் சாய்ந்தது.

"வலதுல அரை..."

"வேண்டாம்டா!" புல்லுக்காரர் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இப்படியே போனா உட்கார்ந்துகிட்டுதான் கோல் போடணும்."

கடைசியில் குழிக்குள் இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மயிரிழை மயிரிழையாக ஏற்றி இரண்டு நாற்பத்துநான்குக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த கோலில் அனுபவம் கைகொடுத்தது. ஒரே வெட்டில் முடிந்தது. வெல்டர் மிஷினைச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேற, முன்வாசல் வழியாக மேட்ச் கமிஷனர் உள்ளே வந்தார். மெலிந்த மனிதர். சிரித்துப் பழக்கமில்லாத முகம்.

"அகலத்தை என் உதவியாளர் நேத்தே பார்த்துட்டார். உயரம் மட்டும் பார்க்கணும். என் பெட்டி விமானத்துல வேற எங்கயோ போயிடுச்சு. உங்க டேப்பைக் கொடுங்க."

புல்லுக்காரர் டேப்பை நீட்டினார். கமிஷனர் வளையத்தை இழுத்துப் பார்த்து, "உறுதியா இருக்கு" என்றார். ஸ்டூலில் ஏறினார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"இரண்டு நாற்பத்துநாலு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு." மறுகோலையும் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "எத்தனையோ மைதானம் பார்த்திருக்கேன். இவ்வளவு துல்லியமா யாரும் வச்சதில்ல."

அப்படியும் புல்லுக்காரருக்கு நிம்மதி வரவில்லை. ஆட்டத்துக்கு முன் பயிற்சி எடுத்த நம் கோல்கீப்பர் எம்பிக் குதித்துக் குறுக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டு, "என்னண்ணே, இன்னைக்கு நல்லா எட்டுதே?" என்றபோது அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நீ நல்ல ஃபார்ம்ல இருக்கப்பா. போ, போய் ஆடு."

ஆட்டம் முழுக்க அவர் பந்தைப் பார்க்கவில்லை. கோலுக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கம்பம் சாய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. எண்பத்தெட்டாவது நிமிடம். எதிரணியின் நெட்டை ஆட்டக்காரர் கூட்டத்துக்கு மேலே எழும்பித் தலையால் முட்டினார். நம் கோல்கீப்பர் தரையில் கிடந்தார். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

டங்!

பந்து குறுக்குக் கம்பத்தின் நடுவில் மோதித் திரும்பியது. குழிக்குள் தகடுகள் கலகலத்த சத்தம் புல்லுக்காரருக்கு மட்டும் கேட்டது. கம்பம் நின்றது. இரண்டு நிமிடத் தள்ளுமுள்ளுக்குப் பிறகு விசிலும் ஒலித்தது. பூஜ்யம்-பூஜ்யம். நாம் உள்ளே.

மேலாளர் சேற்றுச் செருப்போடு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

புல்லுக்காரர் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவே கூத்தாடியது. மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்து, மறுநாள் கொடுக்க வேண்டிய சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, காலையிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்தது.

"யோசிச்சுப் பாரு. அஞ்சு சென்டிமீட்டர்! காலையில இருந்தபடியே விட்டிருந்தேன்னா அந்தப் பந்து நேரா உள்ளதான். நான் நியாயமா அளந்து சரியா வச்சதாலதான் நாடு பொழச்சுது. இது வெளிய தெரியாது, ஒருத்தன் பாராட்ட மாட்டான். ஆனா நம்ம கைல இருந்தது சத்தியமான அளவு."

பையிலிருந்து டேப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிஷின் மேல் வைத்தார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டேப்பை மட்டும் கொஞ்சுங்க. முனை நைஞ்சு தொங்குதேன்னு நேத்து அஞ்சு சென்டிமீட்டர் கத்தரிச்சு எறிஞ்சுட்டு வளையத்தைத் திரும்ப அழகா தைச்சு வச்சேனே, அதை ஒரு வார்த்தை பாராட்டினீங்களா?"