ஆயில் சிஸ்டர்

சேலத்தில் ஓடுகிற கார்களுக்குச் சொந்த புத்தி மட்டும் இருந்தால், உடம்பு முடியாத அன்றைக்கு எந்தப் பட்டறைக்கும் போகாமல் நேராக ஃபேர்லேண்ட்ஸில் நான் குடியிருந்த தெருவுக்கு வந்து வரிசையில் நின்றிருக்கும். அந்தத் தெருவில்தான் ஆயில் சிஸ்டர் இருக்கிறார்.

அவருக்கு அழகாக ஒரு பெயர் உண்டு. ஆனால் ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வெகுகாலம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் சிஸ்டர். மீதிப் பாதிப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் யாரோ கன்னியாஸ்திரீ என்று நினைத்துக்கொண்டு, கையைக் கூப்பியபடி வாசலுக்கு வருவார்கள். காருக்கு அடியிலிருந்து ஓர் அம்மாள் முழங்கை வரை கறுப்பாக ஊர்ந்து வெளியே வந்து, "வாங்க, வாங்க. உங்க வண்டிக்கு என்ன ஆயில் ஊத்தறீங்க?" என்று கேட்பார். கூப்பிய கை அப்படியே நின்றுவிடும்.

அந்தக் கார் அவருடைய மகன் சேவியருடையது. நீல நிறம். எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டுகிற டர்போ வைத்த ஜெர்மன்காரன் வண்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழசாக வாங்கி, சைலன்சரை மாற்றி, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரை மாற்றி, கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் விரட்டிக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது, "அம்மா, ஆயிலை மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேச்சுக்குச் சொன்னதுதான். வேறு அம்மாவாக இருந்தால் அழுத அழுகையில் காதில்கூட விழுந்திருக்காது. இவர் நர்ஸ். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டார்.

நான் அப்போது ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டரின் எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. பூசை முடிந்து வந்த அதே சேலையில், கழுத்தில் ஜெபமாலையோடு நின்றார்.

"சாருக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"நல்லா ஓட்டுவீங்களா, மெதுவா ஓட்டுவீங்களா?"

இரண்டும் வேறு வேறா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சாவி என் கையில் இருந்தது. அவருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். காரோ சும்மா நின்றால் கெட்டுப்போகும். எஞ்சின் சூடேறி, ஆயிலில் சேர்ந்த ஈரமெல்லாம் ஆவியாகிற வரைக்கும் வாரம் ஒரு தடவையாவது ஓட வேண்டும். அதற்குத் தெருவில் கிடைத்த ஆள் நான்.

ஓமலூர் ரோட்டில் போகும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆயில் சூடு காட்டுகிற முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். நான் கொஞ்சம் அழுத்திவிட்டால் போதும்.

"சார், இப்பத்தான் படுக்கையில இருந்து எந்திரிச்சிருக்கு. ஓட வைக்காதீங்க. தொண்ணூறு டிகிரி வரட்டும்."

"வந்துருச்சு சிஸ்டர்."

"வந்த ஒடனே குதிப்பீங்களா? கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் ரோடு காலியாக இருக்கிறதா என்று முன்னாலும் பின்னாலும் பார்ப்பார். ஜெபமாலையைக் கையில் எடுப்பார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இப்ப மிதிங்க சார்" என்பார். மிதிப்பேன். சட்டம் அனுமதிக்கிற வேகம் வரைக்கும்தான் என்று இந்த இடத்தில் எழுதிவைப்பது நல்லது. வீடு வந்து சேர்ந்ததும் ஆஃப் பண்ணவும் விடமாட்டார். "மூச்சு வாங்குது பாருங்க. அடங்கட்டும்" என்று நடுவாசலில் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு உள்ளே போய் எனக்கு டீ போடுவார்.

ஆயில் பரிசோதனை தனி வைபவம். அளவுக் கம்பியை உருவி, புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளை காஸ் துணியில் ஒரு சொட்டு வைத்து, அது பரவுகிற வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். "பெட்ரோல் வாடை வருது. போன வாரம் சாருக்குச் சளின்னு வண்டி எடுக்கல. அதான்" என்று குற்றவாளியையும் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். ஆயில் டப்பாவில் போட்டிருக்கிற ஃபைவ் டபிள்யூ ஃபார்ட்டி என்ற எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒருமுறை கேட்டேன். "மொத நம்பரு, காலையில எவ்வளவு சுருக்கா எந்திரிக்கும்ங்கறது. ரெண்டாவது நம்பரு, மத்தியான வெயில்ல எவ்வளவு நேரம் தாங்கி நிக்கும்ங்கறது. நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கறப்பவும் இதத்தான் பாக்கணும்" என்றார். மாற்றி எடுத்த பழைய ஆயில் வீணாகாது. எங்கள் தெருவில் ஒரு கேட்டும் கிறீச்சிடாது. திருடனுக்கு அதைவிட வசதியான தெரு சேலத்தில் இல்லை.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேவியர் கூப்பிடுவான். சிஸ்டரின் கை கறுப்பாக இருக்கும் என்பதால் போன் ஸ்பீக்கரில் கிடக்கும். வேண்டாமென்றாலும் என் காதில் விழும்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன்."

"குளிரா?"

"ஆமா."

அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பக்கமும் பேச்சு வராது. இரண்டு பேரும் போனை வைக்கவும் மாட்டார்கள். கடைசியில் அவன், "ஆயில் எப்படிம்மா இருக்கு?" என்பான். அப்புறம் பார்க்க வேண்டும். டீ ஆறி, ஏடு படிந்து, நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஆயில் வழியாகத்தான் அந்த வீட்டுச் செய்திகளே வந்தன. "இங்க என் வண்டிக்கு ஷெட் இல்லம்மா, ராத்திரி வெளியில நிக்குது, பனியில உறைஞ்சு போகுது, ஸீரோ டபிள்யூ ஊத்திருக்கேன்" என்று அவன் சொன்னபோதுதான், பையன் வீடு மாறிவிட்டான் என்று சிஸ்டருக்குத் தெரிந்தது. இன்னொரு வாரம், "இந்தத் தடவை மட்டமான ஆயில்தாம்மா ஊத்தினேன்" என்றான். சிஸ்டர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "ஏன்டா, வேலையில ஏதாவது பிரச்சினையா?" என்றார். போனில் அவன் அழுகிற சத்தம் கேட்டது. வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வேறு வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு, தெருவில் யாரோ ஒரு புண்ணியவான் சேவியருக்கு ஒரு படம் அனுப்பிவைத்தார். காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பெண் கால்கள், பக்கத்தில் ஜாக்கி. அவ்வளவுதான் படத்தில். பையன் பதறிப்போனான்.

"ஜாக்கி நழுவுனா என்னம்மா ஆகும்? வண்டிய வித்துடலாம்."

"விக்கலாம்டா. நேத்துத்தான் புது ஆயில் ஊத்தினேன். புது ஆயிலோட யாராவது வண்டிய விப்பாங்களா?"

நேற்று ஊற்றவில்லை. போனை வைத்த பிறகுதான் ஊற்றினார். அன்றிலிருந்து மகன் விற்கலாம் என்று சொல்லும்போதெல்லாம் அம்மா ஆயில் மாற்றினார். அந்த எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி சதா புது ஆயில் கிடைத்தது. தெருவில் ஆயில் வாடை வந்தால், "கனடாவிலிருந்து போன் வந்துருச்சு" என்று எல்லாரும் தெரிந்துகொள்வோம்.

கடைசியில் சேவியர் லீவு போட்டு நேரிலேயே வந்துவிட்டான். வாங்குகிற ஆளையும் பிடித்துவிட்டான். அவர் திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறவர். ரிக்கண்ணன் என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் தெரியும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கி, காரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நாளா ஒரு ஓட்டம் உடோணும்னு ஆசைங்க. ஊட்டுல திட்டுறாங்க. பரவால்லீங்க. ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி, சத்தத்தக் கேப்போம்."

சேவியர் உள்ளே உட்கார்ந்தான். பட்டனில் விரலை வைக்கப் போகிற நேரத்தில் சிஸ்டர் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"ஸ்டார்ட் பண்ணாத! உள்ள ஆயில் இல்ல!"

"இல்லையா? எங்கம்மா போச்சு?"

"வடிச்சுட்டேன்."

"எப்ப?"

"காலையில. நீ தூங்கிட்டிருந்தப்ப."

சேவியர் ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். ரிக்கண்ணன்தான் ஆறுதல் சொன்னார். "இதுக்குப் போயி ஏனுங்க கவலப்படறீங்க? நம்மூட்டுல ஒரு பேரல் ஆயிலே கெடக்குதுங்க. ரிக்குக்கு ஊத்தறது. பாகாட்டம் கெட்டியா இருக்குமுங்க. போன் போட்டா டிரைவர் கொண்டாந்துருவான். அதையே ஊத்திக்கலாமுங்க."

"ஐயையோ!"

அம்மாவும் மகனும் ஒரே குரலில் கத்தினார்கள். ரிக்கண்ணன் ஓரடி பின்னால் போனார்.

அவர்மேல் தப்பில்லை. லாரியும் ரிக்குமாக வாழ்கிற எங்கள் சீமையில் ஆயிலைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் கிடையாது, அந்த அபிப்பிராயமும் ஒன்றே ஒன்றுதான். ஆயில் கெட்டியாக இருக்க வேண்டும். "பாறையத் தொளைக்கற ரிக்குக்கே அது போதும்னா இந்தக் குட்டி வண்டிக்குப் பத்தாதுங்களா?" என்று அவர் கேட்டதில் என்ன தவறு?

விற்க வந்தவன் சரிங்க என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கலாம். சேவியர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். "இல்லீங்கண்ணா, ரிக் எஞ்சின் நிதானமா சுத்தும். இதுல டர்போ இருக்கு. அது சுத்தற சுத்துக்கு..."

"ஆயில் போற துவாரம் இத்துனூண்டுங்க" என்று சிஸ்டர் விரலை வைத்துக் காட்டினார். "பச்சப்புள்ளைக்கு ஊசி போடற மாதிரி. உங்க ஆயில் அதுல நொழையறதுக்குள்ள டர்போ காஞ்சு போயிரும்."

"அப்புறம் ஃபில்டர்..."

"ரப்பர்ல கொஞ்சம் புது ஆயில் தடவி, கையிலயே திருகணும். ஸ்பேனர் போடக் கூடாது..."

"சொல்லும்மா, வடிக்கற ஓட்டைய மூடற போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போடணும்ங்கறதச் சொல்லு..."

ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடித்தார். வந்து இறங்கியதிலிருந்து போனும் கையுமாக, அம்மாவிடம் சாப்டியா என்பதற்குமேல் பேசாமல் இருந்த பையன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். சிஸ்டர் முகம் சிவந்து, இளமையாக இருந்தார். ரிக்கண்ணன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் சமையலறையிலிருந்து எடுத்துவந்து கொடுத்த டீயைக் குடித்து முடித்து டம்ளரை என்னிடமே கொடுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசி முடிங்க சாமி. வண்டிய அப்புறம் பாத்துக்கலாம். நான் இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

அவர் கார் தெருமுனை திரும்பிய பிறகு சேவியர், "ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்றான். கோபமாகக்கூட இல்லை.

சிஸ்டர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "வண்டி போயிருச்சுன்னா ஞாயித்துக்கெழமை நீ எங்கிட்ட என்னடா பேசுவ? சாப்டியாம்ப. சாப்டேம்பேன். வெச்சுருவ."

டம்ளரோடு எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன். சேவியர் தரையில் படுத்து, காருக்கு அடியில் நகர்ந்து போனான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கை மேலே பார்க்க ஒரு கை மட்டும் வெளியே வந்தது. என்ன வேண்டும் என்று அது கேட்கவில்லை. சிஸ்டர் குனிந்து ஒரு புது வாஷரை அதில் வைத்தார். கை உள்ளே போயிற்று. திரும்ப வந்தது. ஸ்பேனரை வைத்தார். கை மறுபடியும் உள்ளே போயிற்று.

கார் விற்கப்படவில்லை. ஆனால் கனடாவுக்குத் திரும்பும்முன் சேவியர் கறாராக ஒன்று சொல்லிவிட்டான். "அம்மா, இனிமே நீ வண்டிக்கு அடியில போகக் கூடாது."

"அப்ப யாருடா போவா?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இப்போது எனக்கு நாமக்கல்லில் வேலை, அங்கேயே வீடு. தடுக்கி விழுந்தால் லாரிப் பட்டறையில் விழுகிற ஊர். அந்த ஊரிலிருந்து ஆயில் மாற்றுவதற்கென்று சேலத்துக்குப் போகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதுவும் வேறொருவர் காருக்கு. ஞாயிற்றுக்கிழமை போய், பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அடியில் படுத்துவிடுவேன். மேலே போன் ஸ்பீக்கரில் கிடக்கும். நான் கையை நீட்டினால் கேட்காமலே ஸ்பேனர் வந்து உட்காரும். கறுப்பு ஆயில் தாரையாக இறங்கி, நூலாகி, சொட்டாகி, நின்றுவிடும். மேலே பேச்சு இன்னும் நிற்காது.

நடுவில் சிஸ்டருக்கு என் ஞாபகம் வரும். "சார், வடிஞ்சுருச்சா? போன வெச்சுட்டுப் புது ஆயில் எடுத்துட்டு வரட்டுமா?"

காய்ந்துபோன ஓட்டையைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் சொட்டுது சிஸ்டர்" என்பேன்.