வாசலுக்குப் போன நாற்காலி

ஊரில் மற்ற முதலாளிகள் எல்லாம் வாயால் சொல்லி ஆளை வேலையை விட்டுத் தூக்குவார்கள். நாற்காலியைத் தூக்கியே ஆளைத் தூக்கிய மகான், இந்தப் பூவுலகில் எங்கள் 'சேர் சார்' ஒருவர்தான்.

செஞ்சியில் சோலார் மோட்டார் விற்கும் சின்ன கம்பெனி அவருடையது. நாங்கள் நாலு பேர். கணக்கு என் பொறுப்பு. யார்மேல் கோபம் வந்தாலும் சார் முதலில் கூரை அதிரக் கத்துவார். கத்தி முடித்ததும் அவர்களுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டுவிடுவார். டிஸ்மிஸ் என்று அர்த்தம். கோபம் தணிந்தால் அவரே உள்ளே இழுத்து வந்து போடுவார். எப்போது தணியும் என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே காலையில் வந்ததும் வாசலைத்தான் பார்ப்போம். நாற்காலி உள்ளே என்றால் வேலை உண்டு. வெளியே என்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஃபேனை நிறுத்தாமல் டீ குடிக்கப் போனேன் என்று ஒருநாள் என் நாற்காலி வெளியே போனது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள், "நல்லா ஃபேன் போட்டுக்கினு உக்காரும்மா, இன்னா வெயிலு!" என்று அதே மனிதர் உருகுகிறார். இவரை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குத் தளவானூரிலிருந்து வரன் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, போட்டோவைப் பார்த்ததுமே பையனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பையனின் அப்பாவுக்கு ஒரே நிபந்தனை: பெண்ணுக்கு நிலையான வேலை இருக்க வேண்டும். ஆபீசுக்கே வந்து விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

"வேல இருக்குதா இல்லியாம்மா?" என்று எங்கள் நைனா கேட்டார்.

"காலைல போய்ப் பாத்துட்டுதான் நைனா சொல்லணும்."

அமாவாசை அன்று காலை போய்ப் பார்த்தால், வாசலில் நாலு நாற்காலியும் வரிசையாகக் கிடந்தன. "ஒட்டுமொத்தமா காலி பண்ணிட்டாருப்பா!" என்றார் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் சேகர் அண்ணன். யார் என்ன தப்பு செய்தோம் என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம். உள்ளே போய்க் கேட்க யாருக்குத் தைரியம்? "வாங்க, அங்காளம்மா கிட்டயே முறையிடுவோம்" என்றார் அண்ணன். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் நாலு பேரும் ஏறிவிட்டோம்.

கோயில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "எங்கம்மா போய்த் தொலஞ்சீங்க எல்லாரும்?"

"சார், சேரெல்லாம் வெளிய கெடந்துச்சே..."

"தரை கழுவ எடுத்துப் போட்டேன்மா! தொடப்பத்தோட நான் ஒண்டியா நிக்கிறேன்!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அடுத்த குண்டைப் போட்டார். "தளவானூர்க்காரராம், உன்ன விசாரிச்சிட்டுப் போறாரு."

சிரிப்பு செத்துப்போனது. "இன்னா சார் சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன்" என்று கட் பண்ணிவிட்டார்.

அவருக்கு உள்ளது எது என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? போச்சு, கல்யாணம் போச்சு என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். மறுநாள், சொல்லாமல் கோயிலுக்குப் போன கோபத்தில், நாலு நாற்காலியும் நிஜ டிஸ்மிஸாகவே வெளியே கிடந்தன. கோபம் தலைக்கேற வீட்டுக்குத் திரும்பினால், நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லி தளவானூரிலிருந்து போன் வந்திருக்கிறது! எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கல்யாணம் முடிந்த பிறகுதான் மாமனார் விஷயத்தைச் சொன்னார். "கால் வலிக்குதேன்னு வாசல்ல ஒரு சேர்ல உக்காந்தேம்மா. 'அது அந்தப் பொண்ணோட சேரு, எழுந்திருங்க'ன்னு வெரட்டுனாரு பாரு! நீ இல்லாதப்பவே இந்த மரியாத. அந்த வேல எங்கம்மா போவும்?"

அந்த 'மரியாதை'யில் நான் எத்தனை முறை அழுதேன் என்று மாமாவிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவைத்தேன்.

பிறகு வீட்டுக்காரருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாகவே, வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விட்டேன். போன மாதம் செஞ்சி வந்தபோது ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தேன். புதிதாக வந்த பெண் ஸ்டூலில் உட்கார்ந்து கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் நாற்காலி காலியாக இருந்தது.

"அதுல உக்காந்தா கத்துறாருக்கா. ஏன்னே புரியல" என்றாள்.

சத்தம் கேட்டு சார் அறையிலிருந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா லேட்டு?" என்று எரிந்து விழுந்தார்.

"பஸ் லேட்டு சார்" என்று சொல்லிக்கொண்டே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் திட்டி நான் அழுதது எத்தனையோ தடவை. பிரியத்தில் அழுதது அன்றைக்குத்தான்.