டாக்டர் உத்தரவு

“யாரைப் படம் எடுக்கறீங்க?” என்று எதிர் இருக்கைப் பெண்மணி போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

நூலகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் முகத்துக்கு நேரே பிடித்திருந்த செல்போனை இறக்கவில்லை. இறக்கினால் கழுத்து குனியும். குனிந்தால் உயிர் போகும்.

“எடுக்கிறதா? செய்தி படிக்கிறேம்மா!”

“மடியில வெச்சுப் படிக்க வேண்டியதுதானே? என் மூஞ்சிக்கு நேரா எதுக்கு நீட்டறீங்க?”

“டாக்டர் உத்தரவு!”

பஸ் சிரித்தது. அவருக்குக் காது மடல் சிவந்தது. ‘அமைதி காக்கவும்’ பலகைக்குக் கீழே இருபத்தோரு வருடம் உட்கார்ந்து எத்தனை பேரை அடக்கி வைத்தவர்! கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் கவிழ்ந்து கிடந்து பழுதான கழுத்தை அன்று காலைதான் எலும்பு டாக்டரம்மாவிடம் காட்டியிருந்தார். “நல்லாத் தூக்கிப் பிடிக்கணும், கண்ணு நேராப் பாக்கணும்” என்று அந்த அம்மாள் அழுத்தமாகச் சொன்னது காதிலேயே இருந்தது. சொன்னபடி செய்தால் இந்த அவமானமா?

“சந்தேகம்னா நீங்களே பாத்துக்குங்க!” என்று போனை நீட்டினார். வாங்கிய வேகத்தில் பெண்மணியின் விரல் எங்கேயோ பட்டு, செல்ஃபி கேமரா திறந்து, ‘க்ளிக்’ என்றது. திரையில் அவளே வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தாள்.

“ஐயையோ, எடுத்தே வெச்சிருக்கார்!”

கண்டக்டர் விசில் அடித்தார். “இறங்குங்க பெரியவரே.”

“பெரியவரா? ஐம்பத்திரண்டுய்யா எனக்கு!”

பஸ் போய்விட்டது. நடுத்தெருவில் நின்று பொருமினார். மனுஷ முகம் எதிரே இருந்தால்தானே வம்பு? ஒரு சுவரைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்து நின்று, போனை உயர்த்தி, பஸ் கம்பெனிக்குக் காரசாரமாகப் புகார் தட்ட ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் தோளில் ஒரு கை விழுந்தது.

“எங்க பேங்க் கேமராவை எதுக்குங்க படம் பிடிக்கறீங்க?” என்றார் காவலாளி.

அப்போதுதான் நூலகர் அண்ணாந்து பார்த்தார். போனுக்கு நேர் மேலே கேமரா.

“கழுத்து வலிய்யா எனக்கு!”

“கழுத்து வலிக்கு எங்க சுவரா கிடைச்சுது? போனைக் காட்டுங்க.”

காட்டினார். வாய் பிளந்த பெண்மணி வந்து நின்றாள்.

“இந்தம்மா யாரு? கூட்டாளியா?”

கால் மணி நேரத்தில் நூலகர் காவல் நிலையத்தில் இருந்தார். அங்கேயும் அவர் அடங்கவில்லை. மேஜையைத் தட்டினார்.

“குனிஞ்சு பாத்தா கழுத்து போகுது, நிமிர்ந்து பாத்தா மானம் போகுது! வைத்தியம் பண்ணிக்கிறது குத்தமா சார்? அந்த டாக்டரம்மாவையே கேளுங்க!”

இன்ஸ்பெக்டர் மருத்துவமனைக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டரம்மா வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நர்ஸ்தான் பேசினாள்.

“கழுத்து வலின்னு காலையில வந்தாரே ஒரு லைப்ரரி சார், அவரைப் போனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னீங்களா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“சொல்லு தாயி, நல்லாச் சத்தமாச் சொல்லு!” என்று நூலகர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“தூக்கிப் பிடிக்கச் சொன்னது தலையை சார்! போனைப் பையில வைக்கத்தான் சொன்னாங்க. அவர் எங்க கேட்டாரு, டாக்டர் பேசி முடிக்கிற வரைக்கும் குனிஞ்சு போனையில்ல பாத்துட்டிருந்தாரு!”