நாலு மணிக்குள் ஒரு கேள்வி

"கேள்வி தெளிவா இருக்கே," என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், மேசைக்குப் பின்னால் இருந்த நரைத்த தலைக்காரர். "அதாம்மா பிரச்சினை."

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினான்கு வருடம் வார்டில் கண்டதை ஒரே வரியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: நோயாளிகள் டாக்டரிடம் மறைப்பதை நர்ஸிடம் ஏன் சொல்கிறார்கள்? இந்த ஆய்வுத் திட்டத்தில் வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்து வாங்கி, நாலு மணிக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். பேராசிரியரை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. வாசலில் பியூன் கொட்டாவி விட்டபடி கை காட்டிய திசையில் நுழைந்திருந்தாள்.

"எத்தனை நோயாளி?"

"எல்லாரும்தான், சார்."

"உலகத்துல உள்ள எல்லாரும் உங்க வார்டுலதான் படுத்திருக்காங்களா? குறைங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஆறு கட்டிலாகக் குறைத்தாள். "இன்னும்," என்றார். ஒரே ஒருவர் மிஞ்சினார்.

"அவரு குணமாகி வீட்டுக்குப் போயிட்டா, உங்க ஆய்வோட கதி?"

குணமாவதை ஓர் இடையூறாக அவள் அதுவரை நினைத்ததே இல்லை. கடைசி நோயாளியையும் அடித்து நீக்கினாள்.

"இதை முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களா?"

"யாருமே செய்யலை, சார்."

"அப்ப யாருக்கும் தேவைப்படலைன்னு அர்த்தம்."

"இல்ல... ரெண்டு பேர் செஞ்சிருக்காங்க, சார்."

"அப்ப நீங்க எதுக்கு?"

கணவன் போனில் கூப்பிட்டான். "முடிஞ்சுதா?"

"நோயாளி முடிஞ்சாச்சு. டாக்டர் மட்டும் பாக்கி."

மூன்றே முக்காலுக்குத் தலைப்பு இப்படி வந்து நின்றது: 'மறைத்தல்சார் வெளிப்பாட்டின் வெளிப்படாத்தன்மை: ஒரு முன்னோக்கிய பின்னோட்டம்.' எழுதியவளுக்கே அது மனிதர்களைப் பற்றியதா, மின்சாரத்தைப் பற்றியதா என்று சந்தேகம் வந்தது.

அவர் முகம் மலர்ந்தது. "இப்பதாம்மா ஆய்வு மாதிரி இருக்கு!"

அப்பாடா என்று பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "கையெழுத்து, சார்."

"நானா?" பதறி எழுந்தார் அவர். "நான் எப்படிம்மா போட முடியும்?"

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ப்ரொஃபசர் காலையிலேர்ந்து பக்கத்து ரூம்ல சும்மாதானே உக்காந்திருக்காரு, இவரு அவருகிட்ட பன்னெண்டு வருஷமா தலைப்பு மாத்திக்கிட்டிருக்கிற மாணவரும்மா!"