மாமாவின் மடியில் விழுந்த பிஸ்கட்டுகள்

எழுபதுகளின் டெல்லியில் ப்ராஜெக்ட் இன்ஜினியராக வேலை பார்ப்பது சுலபம். அது என்ன வேலை என்று பெண்ணைப் பெற்றவருக்கு விளக்குவதுதான் கஷ்டம். கரோல் பாக் சேஷாத்ரி மாமாவிடம் நானும் முயன்றேன்.

"ட்ராயிங் போடறவர் வேற, வெல்டிங் பண்றவர் வேறன்னா நீங்க என்னதான் பண்றேள்?"

மாமா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். கண்ணால் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். பெண் கமலாவை மட்டும் கொடுத்துவிடுவாரா?

"வெள்ளிக்கிழமை எங்க மெஷினுக்கு ட்ரயல். வந்து பாருங்கோ, மாமா" என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

ஓக்லாவில் எங்கள் தொழிற்சாலை. நான் பொறுப்பேற்று முடித்த முதல் மெஷின் அது: சாக்லேட் பூசிய பிஸ்கட்டைக் குளிரவைக்கும் நீளமான கன்வேயர் பெல்ட். இந்த முனையில் ஈரமாக வைத்தால் அந்த முனையில் உலர்ந்து வரும். மெஷினை வாங்க வந்த லாலாஜி அந்த முனையில் நின்றார். பளீரென்ற வெள்ளை சஃபாரி சூட்டில் வந்த மாமாவை, "இதுதான் பத்திரமான இடம்" என்று இந்த முனையில் நானே உட்காரவைத்தேன்.

பெல்ட் அழகாக ஓடியது. மாமா முகத்தில் சம்பந்தக் களை வந்துவிட்டது. அப்போது பார்த்து கரண்ட் போயிற்று.

வெளியே லைன்மேன் கம்பத்தில் ஏறி வயர்களை இடம் மாற்றிக் கட்டிவிட்டுப் போனார். அப்படிக் கட்டினால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியவன் நான். சமயத்தில் ஞாபகம் வர வேண்டுமே! கரண்ட் வந்ததும், திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி பட்டனை அழுத்தினேன்.

பெல்ட்டில் இருந்த அத்தனை பிஸ்கட்டும் வரிசை கலையாமல் மாமாவை நோக்கிப் புறப்பட்டன. தின்பண்டம் தரையில் விழக்கூடாதே என்று மாமா இரண்டு கையாலும் ஏந்தினார். கை நிறைந்தது. மடி நிறைந்தது. "போறும்! போறும்!" என்று பந்தியில் மறுக்கிறவர் போலக் கத்தினார். பதற்றத்தில் நான் நிறுத்தும் பட்டனை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டும் குமிழைத் திருகினேன்.

"இஞ்ஜினியர் சாப்! மால் வாபஸ் ஜா ரஹா ஹை!" என்று லாலாஜி அலறினார். (சரக்கு திரும்பிப் போகிறதாம். எனக்குத் தெரியாதா?)

யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள். வயர்களை மாற்றிப் போட்டதும் பெல்ட் சமர்த்தாக ஓடியது. லாலாஜி மெஷினை எடுத்துக்கொண்டார். மாமா மட்டும் பழுப்பு நிற சஃபாரியில் பஸ் ஏறினார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆபீசுக்கு மாமாவிடமிருந்து போன்.

"நீங்க என்ன வேலை பண்றேள்னு எனக்கு இன்னும் புரியலை. ஆனா கமலா என் சட்டையைப் பார்த்துட்டு, நடந்ததைக் கேட்டா. ராத்திரி பூரா சிரிப்பு. இவரையே பண்ணிக்கறேங்கறா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ?"

இன்றும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கமலா ஆரம்பித்துவிடுவாள்: "எல்லாராத்துலயும் பொண்ணு பார்க்க வந்தவாளுக்கு சொஜ்ஜி, பஜ்ஜி குடுப்பா. எங்காத்துல மாப்பிள்ளை பார்க்கப் போன அப்பாவுக்கு, மாப்பிள்ளையே மெஷின் வெச்சுப் பரிமாறினார்!"