புட்டு அண்ணையும் றோல்ஸ் பையும்

டூட்டிங்கில் பனி விழுந்தால் பிள்ளைகள் பனிமனிதன் செய்வார்கள். எங்கள் புட்டு அண்ணை விசாரணை நடத்துவார். இந்த லண்டனில் பனியை அவ்வளவு சந்தேகப்பட்ட மனிதர் இன்னொருவர் இருக்கவே முடியாது. என் கார்க் கூரையில் இரண்டு விரல் உயரத்துக்குப் படிந்ததையே கரண்டியால் வெட்டிப் பார்த்து, "இது நம்பேலாத பனி, தம்பி" என்றவர் அவர்.

வேலை, வாஷிங் மெஷின் திருத்துவது. கவலையெல்லாம் ஸ்கொட்லாந்து மலைகளில். குளிர்காலத்தில் நாங்கள் சிலர் அங்கே மலையேறப் போவோம். புறப்படுகிற வாரம் முழுக்க அண்ணை பனிச்சரிவு அறிவிப்பை வாசித்தபடியே திரிவார். மெஷின் திருத்தக் கூப்பிட்ட பாவத்துக்கு வீட்டுக்காரரும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பட்டப்பெயர் எங்கள் வீட்டில்தான் வந்தது. குழல்புட்டை வைத்து வகுப்பெடுத்தார். "மாவுக்கு இடையில தேங்காய்ப்பூ இருக்கெல்லோ? அதுதான் பிடிப்பில்லாத பனி. மேல பாரம் ஏறினால்..." என்று ஒரு தட்டுத் தட்டினார். புட்டின் மேல்பாதி வழுக்கி மீன்குழம்புக்குள் விழ, குழம்பு தெறித்து என் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது. "பாத்தியளே, அவ்வளவுதான் விசயம்!" என்று கை கழுவப் போய்விட்டார்.

இன்னொரு பழக்கம், எந்தப் பயணத்திலும் மட்டன் றோல்ஸ் பையை வேறு யாரையும் தூக்க விடமாட்டார். சரியான சாப்பாட்டு ராமன் என்று முடிவு கட்டியிருந்தோம்.

என் மச்சான் ரவிக்கு ஐம்பது வயதானபோது, மலை உச்சியில் கேக் வெட்டப்போவதாகக் கனடாச் சொந்தங்கள் வரைக்கும் வாட்ஸ்அப்பில் பறைசாற்றிவிட்டான். உச்சிக்குக் கீழே ஒரு செங்குத்தான சரிவைக் கடக்க வேண்டும். அண்ணை அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டார். குழி தோண்டி, பனியைத் தூண் போலப் பிரித்து, மேலே மண்வெட்டியை வைத்து மெதுவாகத் தட்டினார். மேல் பாளம் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கு என் சட்டை ஞாபகம் வந்தது.

"போகேலாது. திரும்புவம்."

"அண்ணை, முன்னுக்கு ஆக்கள் போன தடம் கிடக்கு!" என்று ரவி கத்தினான்.

"அது அவையின்ர அதிஷ்டம். ஒராளைத் தாங்கின பனி அடுத்த ஆளையும் தாங்குமெண்டு இல்லை."

"வெயில் எறிக்குது அண்ணை! கனடாக்காரருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

சொல்லிக்கொண்டே ரவி சரிவை நோக்கி நடந்தான். அண்ணை சத்தம் போடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே இறங்கத் தொடங்கினார்.

"போறவை போங்கோ. றோல்ஸ் என்னோட வருது."

ஐயோ, அந்தக் குளிரில் அந்தப் பசியில்! ஒவ்வொருவராகத் திரும்பினோம். ரவியும் கடைசியில் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

கீழே சமதரையில் கையுறையோடு கேக் வெட்டினான். எங்கள் வாய் றோல்ஸில், கண் சரிவில். அது அசையவே இல்லை.

"பாத்தியளே அண்ணை, ஒண்டும் சரிஞ்சு விழேல்லை!"

"நல்லதுதானேயடா. ஐம்பத்தொண்டுக்கும் நீ கேக் வெட்டலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இதுக்குத்தானோ எப்பவும் பையை நீங்களே தூக்குறனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம். புத்தி சொன்னால் கேக்கிற ஆக்களே நீங்கள்? றோல்ஸுக்கெண்டால் திரும்பி வருவியள்."

இந்தக் குளிர்காலம் அண்ணைக்கு முழங்கால் ஒப்பரேஷன், வரமுடியவில்லை. அவர் இல்லாமல் போக எங்களுக்கு மனமே இல்லை. புறப்படும்போது போன் எடுத்தார். வழக்கமான அறிவிப்பு எதையும் வாசிக்கவில்லை.

"பை ஆரிட்டை?"

"என்னட்டை, அண்ணை."

"அப்ப சரி. போயிட்டு வாங்கோ."

வான் வண்டியில் அவர் வழக்கமாக இருக்கும் சீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. ரவி என்னிடமிருந்து றோல்ஸ் பையை வாங்கி அதில் வைத்து, பெல்ட்டையும் போட்டுவிட்டான்.