மூன்று மொட்டைக் கடுதாசிகள்

புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா கண்ணாடிக்காரி மேலாளர் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்ததும் மூத்த குமாஸ்தாவுக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரிப் பதிவறையில் தலைமைக் குமாஸ்தா இடம் காலியாகியிருந்தது. விருப்பமுள்ளவர்கள் மனு கொடுக்கலாம். பத்தொன்பது வருடமாக நோயாளிகளின் கோப்புத் தூசியைத் தின்றவர் இவர். அவளோ நேற்று வந்தவள். அவளும் மனு கொடுத்துவிட்டாள் என்பதற்கு அந்தச் சிரிப்பைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றைக்கே இடது கையால் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டார். அடுத்தவர் அலமாரியில் அவள் கைவைக்கிறாளாம்.

மேலாளர் நியாயஸ்தர், எந்தப் புகாரையும் விசாரிக்காமல் விடமாட்டார். விசாரித்ததில், இடம் மாறிக் கிடந்த நாற்பது கோப்புகளை அவள் சரியாக அடுக்கி வைத்தது தெரிந்தது. அலமாரி மூத்த குமாஸ்தாவுடையது.

பொறாமை இரட்டிப்பானது. எந்நேரமும் அவள் போனில் அரட்டை அடிப்பதாக அடுத்த கடுதாசியை வீட்டில் உட்கார்ந்து எழுதினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இடது கையிலயா எழுதுறீங்க?"

"ஏன், தெரியுதா?"

"இல்ல, உங்க எழுத்து இவ்வளவு நல்லா இருந்து நான் பாத்ததில்ல. அந்தப் பொண்ண ஏன் இப்படிக் கரிச்சுக் கொட்டுறீங்க?"

அவர் உறையை ஒட்டிக்கொண்டு தபால்பெட்டிக்கு நடந்தார். போனில் பேசியதெல்லாம் வார்டு நர்ஸுகள் என்று விசாரணையில் தெரிந்தது. கேட்ட கோப்பு எங்கே இருக்கிறதென்று அவள் அலமாரி எண்ணோடு சொல்லியிருக்கிறாள். நர்ஸுகள் ஒன்றுகூடி அவளைப் பாராட்டி எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது கடுதாசி: எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து என்னவோ செய்கிறாள். மேலாளரே ஒருநாள் இருந்து பார்த்தார். மூத்த குமாஸ்தா பதியாமல் விட்ட கோப்புகளை அவள் பதிந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் தலைமைக் குமாஸ்தாவாக அவள் பெயர் இருந்தது. மூத்த குமாஸ்தா நேராக மேலாளரின் தட்டச்சுக்காரரிடம் போனார்.

"நேத்து வந்தவ எனக்குப் போட்டியா மனு போடுவா, அவளுக்கே குடுப்பாங்க. இதுல என்ன நியாயம் இருக்கு?"

தட்டச்சுக்காரர் காகிதத்திலிருந்து தலை நிமிர்த்தினார்.

"அவங்க எங்க சார் மனு போட்டாங்க? தானா வந்தது உங்க மனு ஒண்ணுதான். யாரோ ஒரு புண்ணியவான் மூணு கடுதாசி எழுதப் போய்த்தான் மேலாளரே அவங்களக் கூப்பிட்டு மனு எழுதி வாங்கினாரு."